வாசகர் கேள்வி – பதில்: பருவப் பலகாரமும் கடைக்காரர் தருமமும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, செட்டிநாட்டு ஊர்களில் கிளை பரப்பியிருக்கும் உள்ளூர் துரித உணவுக் கடைகளைப் பற்றியவை. பண்டிகைக்குப் பண்டிகை அவை அறிவிக்கும் 'ஸ்பெஷல்' பலகாரங்களும், அவற்றோடு சேர்த்து அறிவிக்கும் அன்னதானம், கல்வி உதவி போன்றவையும்தான் கேள்விகளின் மையம். கடைகளின் பெயர்களை நீக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதியில் உள்ள ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குக் காரைக்குடியிலும் திருப்பத்தூரிலும் கிளைகள் உண்டு. தை மாதம் முழுவதும் 'பாதயாத்திரை ஸ்பெஷல்' என்று ஒரு பணியாரத் தட்டு விற்றார்கள். தட்டுக்கு 5 ரூபாய் பழநி யாத்திரிகர் அன்னதானத்துக்குப் போகும் என்று பலகையில் எழுதியிருந்தது. உண்மையிலேயே போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.
— தேவகோட்டை வாசகி

பதில்: தயங்க வேண்டியதே இல்லை. தருமத்தின் பெயரைச் சொல்லி ஒரு பொருளை விற்கிறவர், அந்தத் தருமத்தின் கணக்கைச் சொல்லவும் கடமைப்பட்டவர். இது நம் வட்டாரத்துக்குப் புதிய எதிர்பார்ப்பும் அன்று. பழநியில் உப்பு விற்கப் போன நகரத்தார் வணிகர்கள், விற்பனையில் முருகனுக்கென்று மகமை என்ற தருமப் பங்கை ஒதுக்கியதைப் பதினேழாம் நூற்றாண்டுச் செய்தியாக அவர்களுடைய அறப்பட்டயங்கள் பேசுகின்றன. பிற்காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்தவர்கள் அதே வழக்கத்தைக் கடல் கடந்தும் கொண்டுபோனார்கள். அங்கெல்லாம் தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்ததற்குப் பின்னால் இந்த மகமைப் பணம் இருந்தது. சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859இல் எழுந்த கோயில் அவற்றுள் ஒன்று. இங்கே கவனிக்க வேண்டியது, மகமை என்பது லாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணமாக இருக்கவில்லை என்பதுதான். இவ்வளவு சரக்குக்கு இவ்வளவு என்று விகிதம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, பேரேட்டில் தனிக்கணக்காக எழுதப்பட்டது. எழுதிவிட்ட பிறகு அந்தப் பணம் கடைக்காரருடையது அன்று.

இப்போது உங்கள் ஊர்ப் பலகைக்கு வருவோம். அதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. 'லாபத்தில் ஒரு பகுதி' என்று எழுதாமல் 'தட்டுக்கு 5 ரூபாய்' என்று எழுதியிருக்கிறார்கள். லாபத்தில் ஒரு பகுதி என்பது எதற்கும் கட்டுப்படாத சொல். லாபம் எவ்வளவு என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், பகுதி எவ்வளவு என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும். தட்டுக்கு 5 ரூபாய் என்றால், விற்ற தட்டுகளின் எண்ணிக்கை தெரிந்தவுடன் கொடுக்க வேண்டிய தொகையும் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை மட்டுமே: எத்தனை தட்டு விற்றது, பணம் எந்த அன்னதானக் குழுவிடம் சேர்ந்தது, அதற்கு ரசீது உண்டா. மாதம் முடிந்ததும் அந்த ரசீதின் நகலைக் கல்லாவுக்கு அருகில் ஒட்டிவைக்கும் கடைக்காரரிடம் வேறெதுவும் கேட்க வேண்டியிராது. 'அதெல்லாம் முதலாளிக்குத்தான் தெரியும்' என்று ஊழியர் சொன்னால் ஒருமுறை பொறுத்துக்கொள்ளலாம். முதலாளியும் மழுப்பினால் அடுத்த தையில் பணியாரத்தை வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். பாதயாத்திரை குன்றக்குடி வழியாகப் போகும்போது அன்னதானப் பந்தலில் நீங்களே நேரில் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே தட்டு மார்கழியில் என்ன விலைக்கு விற்றது? 140 ரூபாய்த் தட்டை 150 ஆக்கி, அதில் 5 ரூபாயைத் தானம் என்று அறிவித்தால், கொடுத்தவர் நீங்கள். கூடுதலாக 5 ரூபாய் பெற்றுக்கொண்டவர் கடைக்காரர். பெயர் மட்டும் அவருக்கு. இது சட்டப்படி குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தருமம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பருவப் பண்டமும் தருமமும் சேர்ந்து நன்றாக நடந்ததற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், மார்ச் மாதத்தில் வரும் புனித பேட்ரிக் திருநாளையொட்டி, 'ஷாம்ராக் ஷேக்' என்ற பச்சை நிறப் பால் பானத்தை 1970 முதல் விற்றுவருகிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ஃப்ரெட் ஹில்லின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தங்க இடமில்லாமல் தவிக்கும் பெற்றோர்களின் நிலை வெளியே தெரியவந்தது. அவ்வட்டாரக் கிளைகள் ஷாம்ராக் ஷேக் விற்பனையிலிருந்து பணம் ஒதுக்க, 1974இல் அந்நகரில் முதலாவது 'ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம்' திறக்கப்பட்டது. சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்கான வீடு அது. அந்நிறுவனத்தின் உணவைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அவை இங்கே வேண்டாம். ஆனால் ஒரு பானம், ஓர் ஊர், ஒரு வீடு என்று நோக்கம் குறுகியதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருந்ததால்தான் மக்கள் அதை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். 'ஏழைகளின் நலனுக்காக' என்று பொதுவாக எழுதியிருக்கும் பலகைக்கும், 'கண்டனூர்ப் பள்ளியில் மதிய வகுப்புக்கு மின்விசிறி வாங்க' என்பது போல எழுதியிருக்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கேள்வி: பார்சல் வாங்கி வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால், 'நன்கொடை 10 ரூபாய்' என்று ஒரு வரி இருக்கிறது. என்னைக் கேட்கவே இல்லை. பத்து ரூபாய்க்காகச் சண்டை போடுவதா என்று விட்டுவிட்டேன். விட்டது சரியா?
— காரைக்குடி வாசகர்

பதில்: சண்டை வேண்டாம், திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுப்பது நன்கொடை ஆகாது. பத்து ரூபாய் சிறியது என்று நீங்கள் நினைப்பதை நம்பித்தான் அந்த வரி அங்கே அச்சாகியிருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. பணம் செலுத்தும் கட்டத்தில் வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் வேறு பொருளையோ, சேவையையோ, அறக்கட்டளைக்கான நன்கொடையையோ தொகையோடு சேர்ப்பது அந்நெறிகளில் வெளிப்படையாகவே தடைசெய்யப்பட்டுள்ளது. நன்கொடை வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைக்கும் வாசகங்களும் அவற்றில் தனியாகக் குறிப்பிடப்படுகின்றன. 'இல்லை, எனக்கு ஏழைகள்மீது அக்கறை இல்லை' என்ற பொத்தானை அழுத்தினால்தான் நன்கொடையை நீக்க முடியும் என்று ஒரு செயலி சொன்னால், அது இந்த வகை. நீங்கள் செயலி வழியாக வாங்கியிருந்தால் இந்நெறிகள் நேரடியாகவே பொருந்தும். கல்லாவில் நேரில் நடந்தது என்றாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்று முறையிட இடமுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அழையுங்கள்.

அதற்கு முன் கடையில் ஒருமுறை சொல்லிப்பாருங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் பில் மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன அமைப்பு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி ஒரு சொல் சொன்னால் மறுநாளே அந்த வரி போய்விடும். பில்லைப் பார்க்கும்போது இன்னொரு வரியையும் பாருங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் கூறியதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதிசெய்திருக்கிறது. ஜிஎஸ்டி வேறு, சேவைக் கட்டணம் வேறு. முன்னது அரசுக்கு, பின்னது கடைக்கு.

கேள்வி: கடையில் 'மார்கழி ஸ்பெஷல் கவுனி அரிசி' என்று சிறு கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். விசேஷ வீடுகளில் சாப்பிடும் ருசியில் கால்வாசிகூட இல்லை. அரிசியில் குறையா, கையில் குறையா?
— பள்ளத்தூர் வாசகி

பதில்: இரண்டிலும் குறை இல்லாமல் இருக்கலாம், நேரத்தில் குறை. பர்மாத் தொடர்பால் நம் சமையலுக்குள் வந்த அந்தக் கறுப்பரிசி அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. முதல் நாள் இரவே ஊற வேண்டும்; மறுநாள் நின்று நிதானமாக வெந்து, அரிசி வாய் பிளந்து, குழைந்தும் குழையாமலும் இருக்கும் பதத்தில் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர வேண்டும். சர்க்கரையை முன்னதாகப் போட்டுவிட்டால் அதன்பின் அரிசி வேகாது. வெதுவெதுப்பாக இருக்கும்போது அதைச் சாப்பிட வேண்டும். கடையில் என்ன நடக்கிறது? ஒரு மையச் சமையலறையில் மொத்தமாகச் செய்து, கிண்ணங்களில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். குளிர்ந்தால் சோறு இறுகும், நெய் உறையும், தேங்காயின் மணம் போகும். கேட்டவுடன் மைக்ரோவேவ் அடுப்பில் அரை நிமிடம் சூடாக்கித் தருவார்கள். ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும்.

'மார்கழி ஸ்பெஷல்' என்ற பெயரிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கவுனி அரிசி விசேஷத்துக்கு உரியது, மாதத்துக்கு உரியதன்று. திருமணப் பந்தியில் எந்த மாதமும் வரும். பருவத்துக்குரிய பலகாரங்கள் நம்மிடம் இல்லையா? ஆடியில் கும்மாயம் இருக்கிறது. உளுந்தையும் பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் மணக்க வறுத்து அரைத்த மாவில், கருப்பட்டிப் பாகும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. மாவை முன்கூட்டியே வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளலாம், கிண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. துரித உணவுக் கடைக்கென்றே அமைந்தது போன்ற பலகாரம் அது. ஆனால் ஏனோ அதை யாரும் போடுவதில்லை. ஆடியில் தள்ளுபடிதான் போடுகிறார்கள். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் முக்குறுணி அரிசியில் பெரிய கொழுக்கட்டை செய்து படைக்கிறார்கள். அந்த வாரம் கடையில் சிறு மோதகம் விற்றால் வாங்க ஆளிருக்கும். கோடையில் நுங்கும் பதநீரும் உண்டு. ஆனால் இரண்டும் அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே தீர வேண்டியவை, கிளை கிளையாக அனுப்பும் சரக்கு அல்ல.

வெள்ளைப் பணியாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பச்சரிசியும் உளுந்தும் சேர்ந்த அந்த மாவு எண்ணெயில் விழுந்து, ஓரம் மெல்லிய சல்லடை போலவும் நடு பஞ்சு போலவும் எழும்பும். எடுத்த சூட்டோடு வரமிளகாய்த் துவையலைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பெட்டியில் அடைத்து மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். பெட்டியில் போக வேண்டுமென்றால் சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல், மாவுருண்டை என்று நாள்கணக்கில் தாங்கும் பலகாரங்கள் இருக்கும்போது, தாங்காததைப் போய் அடைப்பானேன்?

கேள்வி: பிள்ளையார் நோன்பன்று ஒரு கடையில் 'நோன்பு காம்போ' விளம்பரம் பார்த்தேன். இழை மாவும் ஐந்து வகைப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் ஒரே பெட்டியில். இது சரிதானா?
— கோட்டையூர் வாசகி

பதில்: திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு வைத்து, சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், வீட்டுப் பெரியவர் கையால் மாவில் திரியிட்டு ஏற்றிய சுடரோடு அந்த மாவை, அதாவது இழையை, வாங்கி உண்பது நோன்பு. பொரியும் பணியாரமும் கடையில் வாங்கலாம். வெளியூரில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது உதவியாகவே இருக்கும். இழை மாவைப் பெட்டியில் போட்டு அதற்குக் 'காம்போ' என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. உங்களுக்கு ஒப்பினால் வாங்குங்கள்.

கேள்வி: புரட்டாசியில் பர்கர் கடைகளெல்லாம் திடீரென்று காளான், பனீர் என்று மாறுகின்றன. பக்தியைக் காசாக்குவதாகத் தோன்றுகிறதே?
— திருப்பத்தூர் வாசகர்

பதில்: வாடிக்கையாளர் விரதம் இருக்கிறார், கடைக்காரர் அதற்கேற்ப அடுப்பை மாற்றுகிறார். இதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் லூ குரோன் என்ற மெக்டொனால்ட்ஸ் கிளை உரிமையாளர், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க வாடிக்கையாளர்கள் இறைச்சி உண்ணாததால் விற்பனை படுத்துவிட்டதைக் கண்டு, 1962இல் மீன் பர்கரைக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் விற்கும் பண்டம் அது. விரதம் வியாபாரத்தை மாற்றியதேயொழிய, வியாபாரம் விரதத்தைக் கெடுக்கவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது எண்ணெயைப் பற்றி. கோழி பொரித்த சட்டியிலேயே பனீரும் பொரித்தால், பலகையில் பச்சைப் புள்ளி வைத்து என்ன பயன்? சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி உண்டா என்று கேளுங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு. எண்ணெய் சிதைவதால் அதில் சேரும் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும் கறுத்துப் புகைந்து நுரைக்கும் எண்ணெயை மூக்கே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: நான் கடைக்காரன். மூன்று கிளைகள் உண்டு. விசேஷ நாட்களில் அதிகமாகச் செய்துவிட்டு, இரவு மிஞ்சுவதை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஏதாவது ஆகிவிட்டால் பழி வருமே என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— காரைக்குடி வாசகர்

பதில்: உங்கள் பயம் நல்ல பயம், அதை விட்டுவிடாதீர்கள், கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2020 ஜூலை முதல் அவை நடைமுறையில் உள்ளன. கொடுப்பவரும் வாங்கி வழங்குபவரும் உணவின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் என்பதும், அந்த உணவை யாரும் விற்கக் கூடாது என்பதும் அவற்றின் அடிப்படை. உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை நேரில் பேசிவிட்டுத் தொடங்குங்கள். அதன்பின் பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயத்தை உங்கள் அடுப்படியில்தான் தீர்க்க வேண்டும். 'மிஞ்சியது' என்பது பரிமாறாமல் பாத்திரத்தில் இருப்பது மட்டும். மேசைக்குப் போய்த் திரும்பியது குப்பைக்கு உரியது. சூடான உணவு 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமலும், குளிர்ந்தது 5 பாகைக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் கிருமி பெருகாது. இடைப்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்ததைக் கொடுக்காதீர்கள். பாத்திரத்தின் மேல் உணவின் பெயர், சமைத்த நேரம், சைவமா அசைவமா, எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். முதியவர்களுக்குப் போவது என்பதால் ஷவர்மா, மயோனைஸ் சேர்ந்தவை, தேங்காய்ச் சட்னி, பாலில் செய்த இனிப்பு இவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது எதனால் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சப்பாத்தி, இட்லி, அப்போதுதான் இறக்கிய சாதம் போன்றவை நல்லவை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மிஞ்சுவது என்றைக்காவதா, அன்றாடமா? அன்றாடம் மிஞ்சினால் அளவைக் குறையுங்கள். அதில் மிச்சமாகும் அரிசியையும் பருப்பையும் மாதத் தொடக்கத்தில் இல்லத்துச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வரும் ஃப்ரைடு ரைஸைவிட, காலையில் அவர்களே காய்ச்சிக் குடிக்கும் கஞ்சி அந்த வயதுக்கு ஒத்துக்கொள்ளும். என்ன வேண்டும் என்று இல்லத்தில் ஒருவரையாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உண்டியலைப் பற்றியும் நீங்கள் கடிதத்தின் முடிவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கல்லாவில் வைத்த உண்டியலில் விழுவது வாடிக்கையாளர் பணம். அதைக் கடையின் நன்கொடையாகக் கணக்கில் எழுதுவதும், பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதும் முறையாகாது. வாடிக்கையாளர் முன்னிலையில் திறந்து எண்ணி, தொகையை எழுதி ஒட்டி, அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பங்கைத் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: கடை மூலமாக ஓர் அறக்கட்டளைக்கு 3,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். வருமான வரியில் கழிக்கலாமா?
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கழிக்க முடியாது. 80ஜி என்று பேச்சில் வழங்கும் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ, உங்கள் பெயரிலேயே நேரடியாக அறக்கட்டளைக்குக் கொடுத்து, அவர்கள் தரும் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். அறக்கட்டளையும் அதற்குரிய பதிவு உடையதாக இருக்க வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. அடுத்த முறை கடையை நடுவில் வைக்காதீர்கள்.